பழைய புகைப்படத்தில் உள்ள காரை அடையாளம் காண்பது எப்படி?

பழைய புகைப்படம் ஒன்றில் கார் நிற்பதைக் கண்டவுடன், "இது எந்தக் கம்பெனி வண்டி?" என்ற கேள்விதான் எல்லோருக்கும் முதலில் எழுகிறது. அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, "இது எந்தக் காலத்து வண்டி?" என்று கேட்கப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். 1900 முதல் 1940 வரையிலான காலத்தில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான தயாரிப்பாளர்கள் கார்களைச் செய்தார்கள். அவர்களில் பலருடைய பெயர் இன்று எவருக்கும் நினைவில் இல்லை. அத்தனை பெயர்களுக்குள் நேரடியாகத் தேடப் புகுந்தால் கரை காண முடியாது. ஆனால் கதவு, விளக்கு, சக்கரம், மட்கார்டு, கூரை ஆகியவை பெரும்பாலான தயாரிப்பாளர்களிடம் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே போக்கில் மாறி வந்தன. ஆகவே காலத்தை ஐந்தாறு ஆண்டுகளுக்குள் குறுக்கிவிட்டால், தேட வேண்டிய பெயர்களும் தாமாகவே குறைந்துவிடும்.

இந்த வேலை முழுவதற்கும் அடிப்படையான விதி ஒன்று உண்டு. வண்டியில் தெரியும் உறுப்புகளில் எது மிகப் பிந்தி வழக்கத்துக்கு வந்ததோ, அது வந்த ஆண்டுக்கு முன்னால் அந்தப் படம் எடுக்கப்பட்டிருக்க முடியாது. இதைத் திருப்பிப் போட்டால் சரிவராது. பழைய உறுப்பு ஒன்று இருப்பதால் மட்டுமே படமும் பழையது என்று சொல்லிவிட முடியாது. ஒரு காரைப் பதினைந்து, இருபது ஆண்டுகள் வைத்து ஓட்டியவர்கள் ஏராளம். கார் நமக்குச் சொல்வது "இதற்கு முன்பு இல்லை" என்பதை மட்டும்தான். "இதற்குப் பின்பு இல்லை" என்பதை உடை, நம்பர் பிளேட், படத்தின் தாள் போன்ற பிற சான்றுகளிலிருந்துதான் பெற வேண்டும்.

படத்தைத் தயார் செய்தல்

மூலப் படம் கையில் இருந்தால், கைபேசியில் எடுத்த நகலைக் கொண்டு வேலை செய்ய வேண்டாம். தட்டையான ஸ்கேனரில், சிறிய படமாக இருந்தால் அங்குலத்துக்கு 1200 புள்ளிகள், அஞ்சலட்டை அளவுக்கு மேற்பட்டதாக இருந்தால் 600 புள்ளிகள் என்ற அளவில், கருப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் வண்ண முறையிலேயே ஸ்கேன் செய்து, டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். படத்தின் ஓரங்களை வெட்டிவிடக் கூடாது. பின்புறத்தையும் தனியே ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, பென்சிலால் எழுதிய தேதி, அஞ்சலட்டையின் அச்சமைப்பு ஆகியவை பின்புறத்தில்தான் இருக்கும். பின்புறத்தைக் கோடிட்டு இரண்டாகப் பிரித்து, செய்திக்கும் முகவரிக்கும் தனித்தனி இடம் விட்ட அஞ்சலட்டைகளுக்கு பிரிட்டனில் 1902-லும் அமெரிக்காவில் 1907-லும்தான் அனுமதி கிடைத்தது என்பதால், அந்தக் கோடு ஒன்றே ஒரு சான்றாகிறது.

மூலக் கோப்பைத் தொடாமல், நகல் ஒன்றில் நிழற்பகுதிகளின் வெளிச்சத்தை மட்டும் மெல்ல மெல்லக் கூட்டிப் பாருங்கள். மட்கார்டுக்கு அடியிலும், எஞ்சினை மூடும் பானெட்டின் பக்கவாட்டிலும் கருப்பாகக் கிடக்கும் இடத்தில் ஸ்பிரிங், பிரேக் டிரம், காற்றுப் பிளவுகள் எல்லாம் தெரியத் தொடங்கும். படத்தைத் தானாகத் தெளிவாக்கித் தருவதாகவோ வண்ணம் சேர்ப்பதாகவோ சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை இந்தக் கட்டத்தில் அறவே தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மங்கலாக இருக்கும் சின்னத்தின் இடத்தில் அவை தாமாக ஒன்றை வரைந்து வைத்துவிடும். சக்கரத்தின் ஆரங்களைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். மூலத்தில் எது இருந்தது, கருவி எதைச் சேர்த்தது என்று பிறகு பிரித்தறிய வழியில்லை.

அடுத்து, படம் இடவலமாகத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடித் தகட்டையோ நெகட்டிவையோ புரட்டிப் போட்டு அச்சிட்ட படங்கள் நிறைய உண்டு. நம்பர் பிளேட்டிலோ கடைப் பலகையிலோ எழுத்து இருந்தால் உடனே தெரிந்துவிடும். எழுத்தே இல்லாத படத்தில் ஆண்களின் கோட்டைக் கவனியுங்கள்: ஆண்களின் கோட்டில் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் விழும்படி பொத்தான் போடுவதே வழக்கம். எல்லோருடைய கோட்டும் மாறி விழுந்திருந்தால் படம் புரண்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

வண்ணத்தைப் பொறுத்தவரை எதையும் நம்ப வேண்டாம். 1920-கள் வரை பெரிதும் பயன்பட்ட ஆர்த்தோகுரோமாட்டிக் வகைத் தகடுகளும் பிலிம்களும் சிவப்பு ஒளியை உணராதவை. சிவப்புக் கார் அவற்றில் கருப்பாகவே விழும். நீலக் காரோ இருப்பதைவிட வெளிறித் தெரியும்.

காலத்தைக் குறுக்குதல்

இந்தக் கட்டத்துக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். காரை முன்னிருந்து பின்னாக அல்லாமல், விரைவாக மாறிய உறுப்புகளிலிருந்து தொடங்கிப் பார்ப்பது பயன் தரும்.

முதலில் கதவுகள். பின் இருக்கைக்கு வண்டியின் பின்புறத்திலிருந்து ஏறும்படி கதவு வைத்த அமைப்பு ஏறத்தாழ 1905 வரை பரவலாக இருந்தது. சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், நீளமான பிறகு பின் இருக்கைக்குப் பக்கவாட்டுக் கதவு வந்தது. ஆனால் ஓட்டுநர் அமரும் முன் இருக்கை இன்னும் சில ஆண்டுகளுக்குக் கதவின்றித் திறந்தே கிடந்தது. முன் இருக்கைக்கும் கதவு வைப்பது 1910-க்கும் 1912-க்கும் இடையில்தான் பொது வழக்கமானது. ஆகவே பின்னால் கதவும் முன்னால் திறந்த வெளியும் உள்ள வண்டியைக் கண்டால், 1905-க்கும் 1912-க்கும் இடைப்பட்ட வடிவம் என்று முதற்கணிப்பாக எழுதிக்கொள்ளலாம்.

கதவோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, பானெட் முடிந்து பயணிகள் பகுதி தொடங்கும் இடம். மிகப் பழைய வண்டிகளில் பானெட் ஒரு செங்குத்தான பலகையில் முட்டிக்கொண்டு சட்டென்று நின்றுவிடும். அந்தப் பலகைக்குப் பின்னால் ஸ்டீயரிங் தனியாக நிற்கும். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பானெட்டிலிருந்து முன்கண்ணாடி வரை மேலேறிச் செல்லும் வளைந்த தகடு ஒன்று அந்த இடைவெளியை மூடத் தொடங்கியது. முதலில் அது ஒட்டுப்போட்டதைப் போலத் துருத்தித் தெரிந்தது. 1914-க்குப் பிறகு பானெட்டின் கோடும் உடலின் கோடும் மேலும் மேலும் ஒன்றாகி, 1920-களின் தொடக்கத்தில் ரேடியேட்டரிலிருந்து பின் இருக்கை வரை ஒரே கோடாக ஓடின. புதியவர்கள் இந்த ஒரு கோட்டை மட்டும் பார்க்கக் கற்றுக்கொண்டாலே முதல் உலகப் போருக்கு முந்தைய வண்டியையும் பிந்தைய வண்டியையும் தயக்கமின்றிப் பிரித்துவிடலாம்.

விளக்குகள் நல்ல சான்றுதான், ஆனால் எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும். தொடக்கக் கால வண்டிகளில் முன்விளக்கு அசிட்டிலின் வாயுவில் எரிந்தது. அதற்கான வாயுவை உண்டாக்கும் பித்தளைக் கலமோ வாயு அடைத்த உருளையோ பக்கவாட்டுப் படிப்பலகையின் மேல் பொருத்தப்பட்டிருக்கும். பக்க விளக்குகள் மண்ணெண்ணெயில் எரிந்தன. காடிலாக் தனது 1912 மாடலில் மின் ஸ்டார்ட்டரையும் மின் விளக்கையும் சேர்த்துக் கொடுத்த பிறகு, மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் மின் விளக்கு எங்கும் பரவியது. பழைய வண்டிக்குப் பின்னாளில் மின் விளக்கு மாட்டிக்கொண்டவர்கள் பலர் என்பதால், மின் விளக்கைக் கண்டு வண்டியின் வயதைக் குறைத்து மதிப்பிட்டுவிடக் கூடாது. படத்தின் தேதிக்கு அது சான்று. வண்டி தயாரான தேதிக்குச் சான்றன்று.

டயரின் நிறமும் உதவும். 1910-களின் முற்பகுதி வரை டயர்கள் வெளிறிய சாம்பல் அல்லது வெண்மை நிறத்தில்தான் இருந்தன. ரப்பரில் கார்பன் கருமையைச் சேர்க்கும் முறை பரவிய பிறகே அவை கருப்பாயின. முழு டயரும் வெளிறியிருப்பதையும், பின்னாளில் அழகுக்காகப் பக்கச்சுவரில் மட்டும் வெள்ளை வைத்த டயரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். டயரின் பருமனும் பேசும். மெலிந்து உயர்ந்த டயர்கள் போய், குறைந்த காற்றழுத்தத்தில் ஓடும் பருத்த பலூன் டயர்கள் 1923-க்குப் பிறகு வந்து சில ஆண்டுகளில் நிலைபெற்றன.

முன் சக்கரத்தின் நடுவே, ஆரங்களுக்குப் பின்னால் வட்டமான பிரேக் டிரம் தெரிகிறதா என்று பாருங்கள். நெடுங்காலம் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டுமே இருந்தது. பியூக் தனது 1924 மாடலில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் வைத்தது. ஃபோர்டு 1928 மாடலில்தான் அதற்கு வந்தது. ஆக, முன் சக்கரத்தில் டிரம் தெரிந்தால் சாதாரண விலை வண்டிகளைப் பொறுத்தவரை 1920-களின் நடுப்பகுதிக்கு முன்னால் போக வேண்டியதில்லை. பம்பரும் அதே காலத்தில்தான் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளும் பொருளாக இருந்து, பிறகு வண்டியோடு வருவதாக மாறியது.

1930-களின் வண்டிகளுக்கு மட்டும் கூர்ந்து பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. மட்கார்டின் விளிம்பு சக்கரத்தின் பக்கத்தை மறைத்துக் கீழிறங்குவது, 1932-இன் கிரஹாம் புளூ ஸ்ட்ரீக் காட்டிய வழியில் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பரவியது. நிமிர்ந்து நின்ற ரேடியேட்டர் பின்னோக்கிச் சாய்ந்தது. முன்கண்ணாடியும் அதனோடு சாய்ந்தது. மூடிய வண்டிகளின் கூரையில் நடுப்பகுதி துணியால் மூடப்பட்டு வந்த வழக்கத்தை ஜெனரல் மோட்டார்ஸ் தனது 1935 மாடல்களில் ஒரே எஃகுத் தகட்டால் மாற்றியது. தனித்து நின்ற முன்விளக்கு மட்கார்டுக்குள் புதைந்தது. 1934-இன் கிறைஸ்லர் ஏர்ஃபிளோவும் 1937-இன் ஃபோர்டும் இதற்குக் கண்ணில் நிற்கும் எடுத்துக்காட்டுகள். அமெரிக்க வண்டிகளில், கண்ணாடியும் பிரதிபலிப்பானும் பிரிக்க முடியாதபடி ஒன்றாக மூடப்பட்ட, ஒரே அளவான வட்டச் சீல்டு பீம் விளக்கு 1940 மாடலிலிருந்து வந்தது.

இந்த ஆண்டுகளைப் பயன்படுத்தும்போது "மாடல் ஆண்டு" என்பதை மறக்கக் கூடாது. புதிய மாடல் பெரும்பாலும் முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே விற்பனைக்கு வந்துவிடும். 1917 மாடல் ஃபோர்டு 1916 ஆகஸ்டிலேயே வந்தது. எனவே எந்தக் கணிப்பிலும் ஓராண்டு முன்னால் தளர்வு கொடுங்கள்.

முகப்பைப் படித்தல்

காலம் ஓரளவு தெரிந்தபின், தயாரிப்பாளரைத் தேடும் இடம் ரேடியேட்டர். அக்காலத்தில் ரேடியேட்டர் மறைவாக உள்ளே இருக்கவில்லை. அதுவே வண்டியின் முகமாக இருந்தது. தயாரிப்பாளர்களும் தங்கள் ரேடியேட்டரின் வெளிவடிவத்தை ஆண்டுக்கணக்கில் பேணிக் காத்தார்கள். சின்னத்தைப் படிக்க முடியாத அளவுக்குச் சிறிதாக இருக்கும் படத்தில்கூட வெளிக்கோட்டைப் படிக்க முடியும் என்பதால், முதலில் அந்தக் கோட்டை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். மேல் விளிம்பு தட்டையா, வளைவா, நடுவில் கூர்ந்ததா? தோள்கள் சதுரமா, சரிந்தவையா? முன்பரப்பு ஒரே தளமா, நடுவில் மடிந்து கூர்முனையாக நிற்கிறதா?

சில முகங்களை ஒருமுறை பார்த்தால் மறக்காது. ரோல்ஸ்-ராய்ஸின் ரேடியேட்டர் கிரேக்கக் கோயிலின் முகப்பை ஒத்து, கூரிய விளிம்புகளோடு முக்கோண முடியுடன் நிற்கும். அதன் மூடியின் மேல் நிற்கும் பெண் உருவம் சார்லஸ் சைக்ஸ் வடித்து 1911-இல் வந்தது. புகாட்டியின் ரேடியேட்டர் குதிரை லாட வடிவம். பேக்கார்டின் மேல் விளிம்பு நுகத்தடி வளைவு. பிரிட்டனின் டெய்ம்லர் ரேடியேட்டரின் மேற்பகுதி நெடுக வரிவரியான பள்ளங்களைக் கொண்டது. வாக்ஸ்ஹாலில் அப்படிப்பட்ட நீண்ட பள்ளம் பானெட்டின் இருபுறமும் ஓடும். 1913 முதல் 1926 வரை வந்த மோரிஸ் வண்டிகளின் ரேடியேட்டர் உருண்ட மூக்காக முன்தள்ளியிருக்கும், அதன்பின் தட்டையாகிவிட்டது. டெலானே-பெல்வில் வண்டிகளில் ரேடியேட்டரும் பானெட்டும் உருளை வடிவம். அந்நிறுவனம் கொதிகலன் செய்த நிறுவனம். பியர்ஸ்-ஆரோவை அடையாளம் காண ரேடியேட்டரே தேவையில்லை. அமெரிக்க வண்டிகள் எல்லாம் முன்விளக்கைத் தனிக் கம்பியில் நிறுத்திய காலத்தில், 1914 முதலே அது முன்விளக்கை மட்கார்டின் மேலேயே வளர்த்தெடுத்தது. தனிக் கம்பியில் விளக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்களும் உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

முன்னால் ரேடியேட்டரே இல்லாமல், பானெட் மூக்கை நோக்கிச் சரிந்து இறங்கினால் அது ரெனோவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ரெனோ 1920-களின் இறுதி வரை ரேடியேட்டரை எஞ்சினுக்குப் பின்னால் வைத்தது. ஆனால் இதே அமைப்பை வேறு சிலரும் பயன்படுத்தினார்கள். காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட அமெரிக்க ஃபிராங்க்ளினின் சில மாடல்களும் முதற்பார்வைக்கு இப்படியே தோன்றும்.

சின்னங்களில் எழுத்து தெரியாவிட்டாலும் உருவம் தெரியலாம். 1913-இன் இறுதியில் வந்த செவ்ரோலேயின் வில் முடிச்சு, சிட்ரோயனின் இரட்டை அம்பு முனை, டாட்ஜ் பிரதர்ஸின் ஆறுமுனை நட்சத்திரம், மெர்சிடிஸின் மும்முனை நட்சத்திரம் ஆகியவற்றைச் சிறு புள்ளியாகத் தெரியும்போதே ஊகிக்க முடியும். சக்கரத்தின் நடு மூடியையும் விடாமல் பாருங்கள். ரேடியேட்டர் சின்னம் வெயிலில் மின்னி மறைந்துபோன படங்களில், நடு மூடியில் பொறித்த பெயர் பளிச்சென்று கிடைப்பதுண்டு. வண்டி ஓடாமல் நிற்கும் படத்தில் அந்தப் பெயர் சாய்ந்தோ தலைகீழாகவோ இருக்கலாம். படத்தை மெல்லச் சுழற்றிக்கொண்டே படியுங்கள்.

அடிப்பகுதியும் அளவும்

முகப்பு மறைந்திருக்கும் படங்களில் முன் ஸ்பிரிங் பட்டைகளைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் சேசிஸ் சட்டத்தின் இரு முனைகளும் ரேடியேட்டருக்கு முன்னால் நீண்டு வளைந்து, அவற்றின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாக நீளவாட்டில் இரண்டு ஸ்பிரிங்குகள் இருக்கும். ஃபோர்டின் மாடல் டி, மாடல் ஏ ஆகியவற்றில் அந்த நீண்ட முனைகளே கிடையாது. ஒரே ஸ்பிரிங் அச்சுக்கு மேலே குறுக்குவாட்டில் வில்லாக வளைந்து கிடக்கும். ஆஸ்டின் செவனிலும் முன் ஸ்பிரிங் குறுக்குவாட்டில்தான். படத்தில் இந்த ஒரு விவரம் கிடைத்துவிட்டால் நூற்றுக்கணக்கான பெயர்களை ஒரே நொடியில் ஒதுக்கிவிடலாம்.

அளவைக் கணக்கிட ஒரு எளிய முறை இருக்கிறது. முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரையுள்ள தூரம், அதாவது வீல்பேஸ், ஒவ்வொரு மாடலுக்கும் ஆவணங்களில் பதிவாகியிருக்கும். படத்தில் அந்தத் தூரத்தை அளந்து, டயரின் வெளிவிட்டத்தால் வகுத்துப் பாருங்கள். மாடல் டி-யின் வீல்பேஸ் 100 அங்குலம். டயரின் வெளிவிட்டம் 30 அங்குலம். எனவே விகிதம் 3.3-ஐ ஒட்டி வர வேண்டும். ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் கோஸ்ட்டின் நீண்ட சேசிஸ் 143.5 அங்குலம், ஆஸ்டின் செவனின் தொடக்க மாடல்கள் 75 அங்குலமே. விகிதம் 4-க்கு மேல் வந்தால் சிறிய, மலிவான வண்டிகளின் பட்டியலை மூடி வைத்துவிடலாம்.

கார் சற்றுச் சாய்ந்த கோணத்தில் நின்றால் சக்கரம் வட்டமாக அல்லாமல் நீள்வட்டமாகத் தெரியும். அப்போது சக்கரத்தின் உயரத்தை எடுத்துக்கொள்ளாமல் கிடைமட்ட அகலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீல்பேஸும் அதே விகிதத்தில் சுருங்கியிருப்பதால் கணக்கு பெரிதும் கெடாது. அருகில் உள்ள சக்கரம் பெரிதாகவும் தொலைவில் உள்ளது சிறிதாகவும் தெரியும் என்பதால் இரண்டின் சராசரியைக் கொள்ள வேண்டும். முன் சக்கரம் ஒரு பக்கம் திருப்பப்பட்டிருக்கும் படத்துக்கும், முக்கால்வாசி முகப்பே தெரியும் படத்துக்கும் இந்த முறை உதவாது.

ஒரு படத்தை முழுதாகப் பார்ப்போம்

பழைய படங்களில் அடிக்கடி எதிர்ப்படுவது மாடல் டி என்பதால் அதையே எடுத்துக்கொள்ளலாம். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் செய்யப்பட்ட வண்டி அது. "எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்" என்று ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. உண்மையில் ஆண்டைக் குறுக்கிக் காட்டப் பயிற்சிக்கு இதைவிட நல்ல வண்டி இல்லை.

திறந்த உடல் கொண்ட கார் ஒன்று இடப்பக்கம் தெரியும்படி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் குறுக்குவாட்டு ஸ்பிரிங் ஒன்று, சட்டத்தின் முனைகள் நீளவில்லை, விகிதம் 3.3, முன் சக்கரத்தில் பிரேக் டிரம் இல்லை. மாடல் டி என்று கொள்ள இவை போதும். ரேடியேட்டரின் சட்டம் பித்தளையாக மின்னாமல் கருப்பாக இருக்கிறது. பித்தளை ரேடியேட்டர் 1916 மாடலோடு முடிந்தது என்பதால் இது 1917 மாடலோ அதற்குப் பிந்தியதோதான். ஸ்டீயரிங்குக்கு அருகே உடல் தகட்டில் கதவின் கோடு தெரிகிறது, ஆனால் கீலும் இல்லை, கைப்பிடியும் இல்லை. அது கதவே அல்ல. அமெரிக்காவில் செய்த மாடல் டி-யின் திறந்த வண்டிகளில் 1912 முதல் 1925 வரை இடப்பக்க முன்கதவு வெறும் அச்சுக்கோடாகவே இருந்தது. அதே இடத்தில் திறக்கும் கதவு இருந்தால், கனடாவில் செய்த வண்டியா என்று பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்டிருந்த பல நாடுகளுக்கு ஃபோர்டு வண்டிகள் கனடாவிலிருந்தே சென்றன.

முன்கண்ணாடி செங்குத்தாக நிற்கிறது. 1923 மாடலில் திறந்த வண்டிகளின் முன்கண்ணாடி சாய்ந்துவிட்டது. ஆகவே மேல் எல்லை 1922. அடுத்து, மர ஆரங்கள் கொண்ட சக்கரத்தின் விளிம்பில், ரிம்மைக் கழற்றுவதற்கான நட்டுகள் தெரிகின்றன. கழற்றி மாட்டும் ரிம்மை ஃபோர்டு 1919-இல்தான் கொடுக்கத் தொடங்கியது. இப்போது வண்டி 1919-க்கும் 1922-க்கும் இடையில் வந்து நின்றுவிட்டது; சின்னத்தையோ பெயரையோ நாம் இதுவரை படிக்கவே இல்லை. ரிம் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தால், 1917 முதல் 1922 வரை என்று அகலமாக எழுதி, 1919-க்குப் பின் என்பதைத் தனிக் குறிப்பாகச் சேர்க்கலாம்.

இதற்கு அடுத்து வந்த மாடல் ஏ-யையும் இப்படியே பிரிக்கலாம். 1928, 1929 மாடல்களில் சக்கரத்தின் ரிம் 21 அங்குலம். 1930, 1931 மாடல்களில் 19 அங்குலம். பின்னவற்றில் ரேடியேட்டர் உயர்ந்து, பானெட்டின் கோடு தடையின்றி உடலோடு சேரும். 1933, 1934 ஃபோர்டுகளைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பானெட்டின் பக்கவாட்டுக் காற்றுப் பிளவுகள் 1933-இல் வளைந்தும் 1934-இல் நேராகவும் இருக்கும்.

ஏமாற்றும் அடையாளங்கள்

ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்பதை வைத்து நாட்டை முடிவு செய்வது புதியவர்களிடம் அதிகம் காணப்படும் பிழை. தொடக்கக் காலத்தில் அமெரிக்க வண்டிகளிலேயே பல வலப்பக்க ஸ்டீயரிங் கொண்டவை. பியர்ஸ்-ஆரோ 1920 வரை அதை விடவில்லை. சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளைச் சேர்ந்த ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் சிலரும் விலையுயர்ந்த வண்டிகளில் வலப்பக்க ஸ்டீயரிங்கையே நெடுங்காலம் வைத்திருந்தார்கள்.

ரேடியேட்டர் மூடியின் மேல் இருக்கும் உருவச்சிலை பெரும்பாலும் கடையில் வாங்கி மாட்டியது. அங்கே வட்டமான வெப்பமானி இருந்தால் அது பாய்ஸ் மோட்டோமீட்டராக இருக்கலாம்; 1910-களின் முற்பகுதியிலிருந்து 1920-களின் இறுதி வரை பல தயாரிப்பாளர்களின் வண்டிகளில் அதைக் காணலாம். அது காலத்துக்குச் சான்றாகும், தயாரிப்பாளருக்கு ஆகாது.

விலையுயர்ந்த வண்டிகளில் உடலைப் பார்த்துத் தயாரிப்பாளரைச் சொல்ல முடியாது. ரோல்ஸ்-ராய்ஸ் போன்ற நிறுவனங்கள் சேசிஸை மட்டுமே விற்றன; உடலை வாங்குபவர் விருப்பப்படி தனிப் பட்டறை ஒன்று கட்டிக் கொடுத்தது. ஒரே பட்டறை பல நிறுவனங்களின் சேசிஸுக்கு ஒரே பாணியில் உடல் கட்டியிருக்கும். பத்தாண்டு பழைய சேசிஸின் மேல் புத்தம் புதிய உடலை ஏற்றிக் கொடுத்ததும் உண்டு. இத்தகைய படங்களில் ரேடியேட்டர், பானெட், சக்கரம் ஆகியவற்றை ஒரு கணக்காகவும் உடலைத் தனிக் கணக்காகவும் எழுதுங்கள்.

ஸ்டூடியோவில் எடுத்த படங்களில் கார் உண்மையான கார்தானா என்பதையே முதலில் கேட்க வேண்டும். மரத்தாலும் அட்டையாலும் செய்த போலிக் காரை வாடிக்கையாளர் உட்காருவதற்காக வைத்திருந்த ஸ்டூடியோக்கள் பல. ஸ்பிரிங்கும் அச்சும் இல்லாமை, ஒரே தட்டையாக வரைந்த சக்கரம், பின்னணியில் திரைச்சீலை ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கும்.

நம்பர் பிளேட்

பிரிட்டனில் நம்பர் பிளேட் 1904 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. முதலில் வரும் எழுத்துகள் எந்த உள்ளாட்சி மன்றம் பதிவு செய்தது என்பதைச் சொல்லும். அமெரிக்காவில் நியூயார்க் 1901-லேயே அடையாளக் குறி கேட்டது. மாசசூசெட்ஸ் 1903-இல் அரசே தயாரித்த பிளேட்டைக் கொடுத்தது. பல அமெரிக்க மாநிலங்களின் பிளேட்டில் ஆண்டே அச்சிடப்பட்டிருக்கும் என்பதால், அது படிக்கக் கிடைத்தால் படத்தின் தேதி ஏறக்குறைய கையில் வந்துவிடும். நீள்வட்டத் தகட்டில் ஓரிரு எழுத்துகள் மட்டும் இருந்தால் அது 1909 சர்வதேச உடன்பாட்டின்படி வெளிநாட்டுப் பயணத்துக்காக மாட்டிய நாட்டு அடையாளம். பதிவுப் பேரேடுகள் அழியாமல் காப்பகங்களில் கிடைக்கும் இடங்களில், எண்ணைக் கொண்டு வண்டியின் பெயரையே பெற்றுவிட முடியும். அப்படி ஒரு பதிவு கிடைத்தால் மேலே சொன்ன எல்லா ஊகங்களையும்விட அதற்கே முதலிடம்.

ஒப்பிடுதலும் எழுதி வைத்தலும்

பெயர்கள் இரண்டு மூன்றாகக் குறைந்த பிறகே ஒப்பிடத் தொடங்குங்கள். தயாரிப்பாளர் அக்காலத்தில் அச்சிட்ட விற்பனைக் கையேடு, உதிரிபாகப் பட்டியல், அக்கால மோட்டார் இதழ்களின் விளம்பரம் ஆகியவற்றை முதலில் நாடுங்கள். இன்று கண்காட்சிகளில் நிற்கும் புதுப்பித்த வண்டிகளின் படங்கள் அவற்றுக்குப் பின்னால்தான் வர வேண்டும். புதுப்பித்தவர் வேறு ஆண்டின் விளக்கையோ சக்கரத்தையோ மாட்டியிருக்கலாம். ஒப்பிடும்போது ஒத்துப்போகும் இடங்களைக் காட்டிலும் ஒத்துப்போகாத இடங்களைத் தேடுங்கள். பானெட்டின் காற்றுப் பிளவுகளை எண்ணுங்கள், சக்கரத்தின் ஆரங்களை எண்ணுங்கள், கதவின் கீல் முன்புறமா பின்புறமா என்று பாருங்கள். ஐந்து இடங்கள் பொருந்தி, மாற்றியிருக்க வாய்ப்பில்லாத ஓர் இடம் பொருந்தவில்லை என்றால், அந்தப் பெயரைத் தயங்காமல் விட்டுவிட வேண்டும்.

முடிவை எழுதும்போது பெயர், மாடல், ஆண்டு ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாக "உறுதி", "பெரும்பாலும்", "இருக்கலாம்" என்று தரம் குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த அடையாளம் காரணம் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். வண்டியின் ஆண்டையும் படத்தின் ஆண்டையும் ஒரே வரியில் கலக்காதீர்கள். நீங்களாகத் தீர்க்க முடியாத படத்தை, 1919-க்கு முந்தையதாக இருந்தால் பிரிட்டனின் வெட்டரன் கார் கிளப் போன்ற சங்கத்திடமும், 1919 முதல் 1930 வரையிலான விண்டேஜ் காலத்தது என்றால் அந்தக் காலத்து வண்டிகளுக்கான சங்கத்திடமும், தயாரிப்பாளர் தெரிந்துவிட்டால் அந்தப் பெயருக்கென்றே உள்ள ஆர்வலர் குழுவிடமும் கேட்கலாம். வெட்டாத முழு ஸ்கேனையும், பின்புறத்தையும், நீங்கள் ஒதுக்கிய பெயர்களையும் அவற்றை ஒதுக்கிய காரணங்களையும் சேர்த்தே அனுப்புங்கள். பதிலில் வெறும் பெயர் மட்டும் வந்தால், எந்த உறுப்பை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேட்டு, அதையும் படத்தின் குறிப்பில் எழுதி வையுங்கள்.